டாக்டர் ஜெகந்நாதன் கிளினிக்

உத்திரமேரூர்
12 ஜூன் 2024

அன்புள்ள ஸ்ரீனிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். பெருமாள் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். திண்டுக்கல் வெயில் உன் ஆத்துக்காரி சஹானாவுக்கு ஒத்துக்கொண்டதா? அவளுடைய தலைவலி குறைந்ததா?

கையால் எழுதிய கடிதத்தைப் பார்த்து பயந்துவிடாதே. நம் கிளினிக்கின் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய வருஷம் இது. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்திருக்கிறது. போன தடவை காபி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார்கள். இப்போது அப்படி இல்லையாமே. நீ அந்தப் பக்கத்தில் இதே வேலையாகத்தானே ஊர் ஊராகப் போகிறாய், என்னென்ன பார்ப்பீர்கள் என்று எனக்கு விவரமாக எழுது. உன் அத்திம்பேரிடம் சொன்னால் சிரிக்கிறார். "முப்பத்தஞ்சு வருஷமா இந்த ஊர் நாடியை நான் பிடிச்சிண்டிருக்கேன். என் நாடியைப் பிடிக்க எவன் வரான்?" என்கிறார்.

மருந்துக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். ஏதாவது குறை இருந்தால் என் தலையில்தான் விடியும்.

பதிலைப் போனில் சொல்லாதே. தபாலில் போடு. வீட்டு விலாசத்துக்கு வேண்டாம், நர்ஸ் பாக்கியமேரியின் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அதற்கே அனுப்பு. வீட்டுக்கு வருகிற தபால் எல்லாவற்றையும் இப்போது உன் அத்திம்பேர்தான் பிரிக்கிறார். போனும் அவர் கையில்தான்.

சஹானாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் அக்கா,
நாமகிரி


திண்டுக்கல்
20 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நாங்கள் நலம். சஹானாவுக்குத் தலைவலி இல்லை, கண்ணாடி மாற்றியதில் சரியாகிவிட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் கையெழுத்தைப் பார்த்துப் பத்து வருஷம் இருக்கும். சந்தோஷமாகத்தான் பிரித்தேன். ஆனால் அத்திம்பேருக்குத் தெரியாமல் நாம் ஏன் எழுதிக்கொள்ள வேண்டும்? அவர் கோபித்துக்கொள்கிறாரா?

கேட்டதை எழுதுகிறேன். முதலில் குப்பை. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் தொட்டியில், பிளாஸ்டிக் சிவப்பில், ஊசி தனி டப்பாவில். எல்லாக் கிளினிக்கும் மாட்டிக்கொள்வது இதில்தான். அப்புறம் காலாவதியான மருந்து. அலமாரியின் கடைசி வரிசை வரை கையை விட்டுப் பார்ப்போம். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து காட்டச் சொல்வோம், பாதி இடங்களில் காலியாக இருக்கும். திடீரென்று யாராவது மயங்கி விழுந்தால் கொடுக்கிற மருந்துகள் ஒரே தட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கை கழுவுகிற இடத்தில் சோப்பு. இவ்வளவுதான், பயப்படாதே. அத்திம்பேர் கிளினிக்குக்கு எவனும் குறை சொல்ல முடியாது. நான் மருத்துவம் படித்ததே அவரைப் பார்த்துத்தான்.

அன்புடன்,
ஸ்ரீனி


உத்திரமேரூர்
5 ஜூலை 2024

அன்புள்ள ஸ்ரீனிக்கு,

ஆசீர்வாதம். முழங்கால் பரவாயில்லை. நீ சொன்னதெல்லாம் செய்தாயிற்று. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மூன்று கலரில் தொட்டி வாங்கி வைத்திருக்கிறேன். பாக்கியமேரி, "அம்மா, கல்யாண வூடு மாதிரி கீது" என்கிறாள்.

இங்கே சில ஏற்பாடுகளையும் மாற்றியிருக்கிறேன். அவர் அறையின் கதவை இப்போது சாத்துவதில்லை. பாக்கியமேரி அவர் பக்கத்திலேயே நிற்கிறாள். வருகிறவர்களின் பெயரையும், என்ன உபாதை என்பதையும் அவள் உரக்கச் சொல்லித்தான் உள்ளே அனுப்புகிறாள். சாயங்கால நேரம் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். வயது அறுபத்தெட்டு ஆகிறதே, ஓய்வு வேண்டாமா.

போன வாரம் தென்னேரியில் ஒரு கல்யாணத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போனவர், திரும்பி வர ரொம்ப நேரமாகிவிட்டது. வாலாஜாபாத்தில் யாரோ வழி காட்டி அனுப்பினார்களாம். ரோடு வேலை நடப்பதால் குழம்பிவிட்டது என்றார். இருக்கும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் பொருள்களை மட்டும்தான் பார்ப்பார்களா? டாக்டரிடம் ஏதாவது கேள்வி கேட்பார்களா? இந்த மருந்து எவ்வளவு கொடுப்பீர்கள், அந்த நோய்க்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பார்களா? கேட்பார்கள் என்றால் எந்த மாதிரி என்று எழுது. நான் அவருக்கு நினைவுபடுத்தி வைப்பேன்.

நாமகிரி


திண்டுக்கல்
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நலம், நலமறிய ஆவல். மழை எட்டிப் பார்த்ததா?

உன் கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன். அத்திம்பேருக்கு நீ பாடம் எடுக்கப் போகிறாயா? டாக்டரை உட்கார வைத்துப் பரீட்சை நடத்துகிற வழக்கமெல்லாம் இல்லை. பட்டம், பதிவு நம்பர் இரண்டும் சரியாக இருந்தால் போதும். நாங்கள் பார்ப்பது அறையை, கருவியை, மருந்தை. உங்கள் பக்கத்துக்கு டாக்டர் இளமதி வருவாள் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண்தான். கண்டிப்பானவள், ஆனால் மரியாதை தெரிந்தவள். நேற்று வேறு விஷயமாகப் பேசும்போது, "அது எங்கள் அக்கா வீடு" என்று சொல்லி வைத்தேன். வேறெதுவும் கேட்கவில்லை.

தென்னேரிக்கும் உத்திரமேரூருக்கும் அத்திம்பேர் கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவாரே. சர்க்கரை எல்லாம் பார்த்துக்கொள்கிறாரா? ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்.

ஸ்ரீனி


உத்திரமேரூர்
22 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஸ்ரீனிக்கு,

ஆசீர்வாதம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். சஹானாவும் நீயும் சௌக்கியமா?

இங்கே ஒரு சம்பவம். ஏரிக்கரைப் பக்கம் இருளர் குடியிருப்பில் மாசி என்று ஒருவர் இருக்கிறார். அவர் தம்பி ஆனந்தன். சூளையில் கல் சுமக்கிறவன். போன மாதம் கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, பெண்சாதி கண்ணகியின் தோளைப் பிடித்தபடி வந்தான். பேச முடியவில்லை. உன் அத்திம்பேர் நரம்பில் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வலிப்பு கண்டுவிட்டது. வாயில் நுரை. ஆக்சிஜன் வைத்து, 108 வண்டியை வரவழைத்து, அவரே கூட ஏறிச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி வரை போனார். பிழைத்துவிட்டான். வீடு திரும்பி இரண்டு வாரமாகிறது.

நேற்று மாசி, ஆனந்தன், கண்ணகி மூன்று பேரும் வந்தார்கள். முறம் நிறைய வேர்க்கடலை. மாசி அவர் காலில் விழுந்து, "நீ மட்டும் இல்லன்னா எம் தம்பி பொணமாத்தான் பூட்டிருப்பான் சாமி" என்று அழுதார். கண்ணகியும் விழுந்தாள். அவர் அவர்களைத் தூக்கிவிட்டுத் தலையைத் தடவிக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆனந்தன் வலது கையால் டம்ளரைப் பிடித்தபோது தண்ணீர் தளும்பிக்கொண்டே இருந்தது.

தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். மூச்சிரைப்புக்கு ஊசி போட்டவுடன் ஒருவனுக்கு வலிப்பு வருமென்றால் என்ன காரணங்களால் வரும்?

ஆய்வு அடுத்த மாதம் என்கிறார்கள்.

நாமகிரி


திண்டுக்கல்
29 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு நமஸ்காரம்.

நாங்கள் நலம். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். ஏற்கெனவே வலிப்பு நோய் இருந்தால் வரலாம். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தால் வரலாம். அந்த மருந்து அளவுக்கு மேல் போனால் வரும். பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். அத்திம்பேர் கையில் அப்படி நடக்காது என்பதால் முதல் இரண்டில் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துக் கடிதத்தை மூடி வைத்தேன்.

பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன். காரணம் தெரிய வேண்டுமென்றால் நீ அவரைத்தான் கேட்டிருப்பாய். ஏன் என்னைக் கேட்கிறாய்?

அக்கா, அன்றைக்கு ஊசி போடும்போது அறையில் யார் இருந்தார்கள்? பாக்கியமேரி எங்கே இருந்தாள்? எத்தனை மருந்துக் குப்பி உடைக்கப்பட்டது? உடனே எழுது. எனக்கு நீ எதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஸ்ரீனி


உத்திரமேரூர்
30 செப்டம்பர் 2024

அன்புள்ள ஸ்ரீனிக்கு,

ஆசீர்வாதம். க்ஷேமம்.

ஆய்வு நல்லபடியாக முடிந்தது. டாக்டர் இளமதி காலையிலேயே வந்துவிட்டாள். தொட்டிகளைப் பார்த்தாள், அலமாரியில் கையை விட்டாள், சிலிண்டரைத் திறந்தாள், எல்லாவற்றுக்கும் போட்டோ எடுத்தாள். "மாவட்டத்துல இப்படி ஒரு கிளினிக் நான் பாத்ததில்ல சார்" என்றாள். அவர் அன்றைக்கு ரொம்பத் தெளிவாக இருந்தார். பழைய காலரா நாட்களைப் பற்றி அழகாகப் பேசினார். போகும்போது அவள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஐந்து வருஷத்துக்கு அனுமதி. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

உன் உதவிக்கு நன்றி. இனி நீ கவலைப்பட வேண்டாம்.

நாமகிரி


திண்டுக்கல்
9 அக்டோபர் 2024

அக்கா,

நான் கேட்டதில் ஒன்றுக்கும் நீ பதில் எழுதவில்லை. அதனால் நேற்று பாக்கியமேரிக்குப் போன் செய்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அம்மாவையே கேட்டுக்கோங்க. எனக்குத் தூக்கமே இல்ல சார்" என்று அழுதாள். வைத்துவிட்டாள்.

உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். திறந்த கதவு, உரக்கச் சொல்லும் பெயர், நிறுத்தப்பட்ட சாயங்காலம், வாலாஜாபாத்தில் வழி கேட்டது. ஒரு டாக்டரான எனக்கு இது முன்பே புரிந்திருக்க வேண்டும். அத்திம்பேராயிற்றே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

வேறு யாருடைய கிளினிக்காக இருந்தாலும் நான் அன்றைக்கே பூட்டியிருப்பேன். மறதி அவர் குற்றமில்லை. ஆனால் ஊசி அவர் கையில் இருக்கிறது, அந்தக் கையை நம்பி ஊர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. தினமும் நீ கவுண்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு மருந்துச் சீட்டாகத் திருத்திக்கொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். சீட்டைத் திருத்தலாம். போட்ட ஊசியை எப்படித் திருத்துவாய்?

தீபாவளி வரை பொறுக்கிறேன். அதற்குள் நீயாக மூடு. இல்லையென்றால் இளமதிக்கு நானே எழுதுவேன். அதற்கப்புறம் நீ என்னோடு பேசாமல் போனாலும் சரி.

ஸ்ரீனி


உத்திரமேரூர்
3 நவம்பர் 2024

ஸ்ரீனி,

மூடிவிட்டேன்.

இப்போது நீ கேட்டவற்றுக்குப் பதில். அன்றைக்குப் பாக்கியமேரி வெளியே ஒரு கர்ப்பிணிக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஆனந்தனுக்கு ஊசி போட்டார். கை கழுவப் போனார். திரும்பி வந்து, "ஊசி போடலாமா?" என்று கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அவன் தலையை ஆட்டினான். டாக்டர் கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? மறுபடியும் போட்டார். நான் கவுண்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "ரெண்டாவது தடவை" என்று கத்தியிருக்கலாம். பேஷண்டுக்கு முன்னால் அவரைத் தலைகுனிய வைக்கக் கூடாதே என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணத்தில் மருந்து உள்ளே போய்விட்டது.

அதற்கப்புறமும் மூட மனசு வரவில்லை. என்னைப் பார்த்து அவர் காபி கேட்கிறார், சகஸ்ரநாமம் ஒரு வரி பிசகாமல் சொல்கிறார். இவருக்கு ஒன்றுமில்லை என்று தோன்றிவிடும். உன் கடிதம் வந்ததும், நானே ஒரு தடவை பேஷண்டாக உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். போன சனிக்கிழமை வரிசையில் நின்று, என் முறை வந்ததும் உள்ளே போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். பாக்கியமேரியிடம் பெயர் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நல்ல சிரிப்பு. எல்லோருக்கும் சிரிக்கிற சிரிப்பு.

"சொல்லுங்கோம்மா. என்ன பண்றது?"

"தூக்கமே வரதில்லை டாக்டர்."

"எந்த ஊர்?"

"இந்த ஊர்தான்."

நாடியைப் பிடித்தார். கை நடுங்கவே இல்லை.

"ஆத்துக்காரர் என்ன பண்றார்?"

"டாக்டர்."

"அடடே. அப்ப அவர்கிட்டயே காட்டிக்கலாமே?"

"காட்டினேன். அவருக்குத் தெரியலை."

"சில பேர் அப்படித்தான். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பா, ஆத்துல இருக்கறவாளைக் கவனிக்க மாட்டா" என்று சொல்லிவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மாத்திரை சரியானதுதான். அளவும் சரி. நான் என்ன எதிர்பார்த்துப் போனேனோ அது நடக்கவில்லை. அதைவிட மோசமானது நடந்தது.

"அடுத்தவாளை வரச் சொல்லுங்கோ" என்றார். நான் வெளியே வந்து, காத்திருந்தவர்களை எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினேன். என்னால் முழுசாக இறக்க முடியவில்லை. பாக்கியமேரிதான் காலால் மிதித்துப் பூட்டினாள்.

சாயங்காலம் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "நாமு, இன்னிக்கு ஏன் கூட்டமே இல்லை?"

நாமகிரி


திண்டுக்கல்
11 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். கடிதத்தை சஹானாவும் படித்தாள். உன்னை அதட்டி எழுதியதற்கு வருந்துகிறேன். மூடச் சொன்னதற்கு வருந்தவில்லை.

சென்னையில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். மார்கழி பிறந்ததும் லீவு போட்டுவிட்டு வருகிறேன். நாம் மூன்று பேரும் போகலாம்.

ஆனந்தன் வீட்டில் சொன்னாயா? கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். அவன் கையில் டம்ளர் தண்ணீர் தளும்பியது என்று எழுதியிருந்தாய். என்ன நடந்தது என்று தெரியாமல் அவனுக்கு யாரும் சரியான வைத்தியம் பார்க்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடு.

ஸ்ரீனி


உத்திரமேரூர்
2 டிசம்பர் 2024

அன்புள்ள ஸ்ரீனிக்கு,

ஆசீர்வாதம். உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ கேட்பாய். நிற்கிறேன், நடக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே ஏரிக்கரைக்குப் போனேன். மாசி கயிற்றுக் கட்டிலைத் துடைத்து உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன். மருந்து இரண்டு தடவை போனது, அதனால்தான் வலிப்பு, நான் பார்த்தேன், சொல்லவில்லை. ஆனந்தன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மாசி எழுந்து வெளியே போய்விட்டார். கண்ணகிதான் கேட்டாள். "நாங்க கால்ல வுழுந்தப்போ நீயும் பக்கத்துல நின்னுக்கினுதானம்மா இருந்தே?"

"ஆமாம்" என்றேன்.

"கடலைய வேற வாங்கிக்கினே."

புகார் எழுதிக் கொடுங்கள், நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். "எங்க பேச்ச யாரு கேப்பாங்க? நீயே எழுதிக் குடு" என்றாள். என் பெயரிலேயே மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். இளமதி வந்து அனுமதிப் பத்திரத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனந்தனை செங்கல்பட்டுக்கு நானே கூட்டிக்கொண்டு போய், நடந்ததைச் சொல்லி, நரம்பு டாக்டரிடம் காட்டினேன். கை முழுசாகத் திரும்புமா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவரைக் காணோம். கிளினிக்கின் பின்கதவு திறந்திருந்தது. வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிறபோது எடுத்துக்கொண்டு போகிற தோல் பையும் இல்லை. மருந்தையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பைக்குள் நான் பார்க்கவே இல்லை, ஸ்ரீனி.

நானும் பாக்கியமேரியும் பஸ் ஸ்டாண்ட், கோயில், வந்தவாசி ரோடு எல்லாம் தேடினோம். பத்து மணிக்கு மேல் ஷேர் ஆட்டோ ஒன்று வாசலில் நின்றது. கண்ணகி அவர் கையைப் பிடித்து இறக்கினாள். பை அவள் தோளில் இருந்தது.

"ஆனந்தனப் பாக்கணும்னு வந்தாரும்மா. மூச்சு எப்பிடி கீதுன்னு கேட்டாரு. ஊசில மருந்த ஏத்திட்டாரு. எங்க வூட்டுக்காரரு சட்டக் கையத் தூக்கிக்கினாரு, பழக்க தோசம். நான்தான், 'குடு நைனா, நான் புடிச்சிக்கறேன்'னு சொல்லி கையில இருந்து வாங்கிட்டேன். கோச்சிக்கல. டீ போட்டுக் குடுத்தேன், குடிச்சாரு."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கொடுக்கவில்லை. பையைத்தான் என் கையில் கொடுத்தாள்.

"உள்ள பாரும்மா. ரெண்டு மருந்து ஒடச்ச மாதிரி கீது. எங்க வூட்டுல ஏத்தினது ஒண்ணு. இன்னொண்ணு எங்க ஒடச்சாருன்னு கேட்டியா? எங்க தெருவுல எங்க வூடுதான் கடைசி, மத்த வூடெல்லாம் தாண்டித்தான் வந்திருப்பாரு."

அவரைக் கேட்டோம். யோசித்தார். ரொம்ப யோசித்தார். "ஒரு பொம்மனாட்டி. நன்னா தெரிஞ்ச முகம்" என்றார். அவ்வளவுதான் வந்தது.

நேற்று முழுக்க நடந்தோம். கண்ணகி முன்னால், நானும் பாக்கியமேரியும் பின்னால். ஏரிக்கரை முடிந்து காலனி, காலனி முடிந்து சந்தைத் தெரு. முனியம்மாள் என்கிற கிழவி வீட்டுக்கு அவர் வந்து, அவள் காலைப் பார்த்துவிட்டு ஊசி போடாமலே போயிருக்கிறார். மற்றபடி யாரும் வந்ததாகச் சொல்லவில்லை. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. வேலைக்குப் போனவர்களா, வேறா என்று தெரியாமல் ஒவ்வொரு பூட்டுக்கு முன்னாலும் நின்றோம். இளமதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் தகவல் சொல்லிவிட்டேன். ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்ல ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று அவரை எதிர்வீட்டு வெங்கடகிருஷ்ணனின் பொறுப்பில் விட்டிருக்கிறேன். கதவை வெளியே தாழ்போடச் சொன்னேன். பாக்கியமேரியின் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை. நீ மார்கழி வரை காத்திருக்காதே, இந்தக் கடிதம் கிடைத்ததும் கிளம்பி வா.

கண்ணகி வாசலில் வந்து நிற்கிறாள். கிளம்ப வேண்டும். நேற்று பூட்டாத கதவெல்லாம் நாங்கள் தட்டினதும் திறந்தது, ஸ்ரீனி. ஆனால் டாக்டர் வந்தாரா என்று கேட்டால் எவரும் நேராகப் பதில் சொல்வதில்லை. எங்களை உட்காரச் சொல்லி, தங்கள் பிள்ளையை எந்த ஜுரத்திலிருந்து அவர் காப்பாற்றினார் என்பதை முதலில் சொல்லி முடிக்கிறார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.

உன் அக்கா,
நாமகிரி